கழற்றாத ஹெல்மெட்

அப்பாவின் சவப்பெட்டியை மூட, மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த நேரத்தில்தான் ஹெல்மெட் போட்ட ஆள் உள்ளே வந்தது.

முகம் முழுக்க மூடிய கறுப்பு ஹெல்மெட். முன்கண்ணாடியைக்கூட ஏற்றிவிடவில்லை. கழுத்து வரை பொத்தான் போட்ட மழைக்கோட்டு, கூடம் முழுக்கச் சொட்டிக்கொண்டு.

பாண்டிச்சேரியில் ஹெல்மெட் யார் போடுகிறார்கள்? போட்டிருந்தால் வெளியூர் ஆள் என்று அர்த்தம். அதுவும் சாவு வீட்டில், செருப்பையே வாசலில் விட்டுவிட்டு வருகிற இடத்தில்.

ஜெனவியேவ் அத்தைக்கு ஒப்பாரி பாதியில் நின்றுவிட்டது.

"யாருய்யா அது? ஒரு மட்டு மரியாதை வேணாம்? கழட்டிட்டு வா!"

ஆள் கழற்றவில்லை. இடதுகாலை லேசாக இழுத்தபடி கூட்டத்துக்குள் நுழைந்தது.

அந்தக் கால் எனக்குத் தெரிந்த கால்.

சின்ன வயதில் எனக்கும் அண்ணனுக்கும் ஒரு ஜப்பான் தொடர் என்றால் உயிர். கலர் கலராக உடுப்புப் போட்ட ஐந்து பேர், முகம் தெரியாத ஹெல்மெட்டோடு, வாரத்துக்கு ஒரு பூதத்தை உதைப்பார்கள். பாரிசிலிருந்து வரும்போதெல்லாம் சித்தப்பா பிரெஞ்சில் பேசும் கேசட்டாகக் கொண்டுவருவார். அந்த ஊர்க் கலர் முறை வேறு என்பதால் பிரான்சு கேசட் எங்கள் டிவியில் கறுப்பு வெள்ளையில்தான் ஓடும். சிவப்பு, மஞ்சள் எல்லாமே சாம்பல்தான். கால் வைக்கிற தினுசைப் பார்த்துத்தான் யார் எவர் என்று கண்டுபிடிப்போம். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அப்புறம் கேபிளில் அதே கதை தமிழ் பேசிக்கொண்டு வந்தது, அமெரிக்காக்காரன் எடுத்ததாக. எடுத்தானாம்! சண்டையை ஜப்பான்காரனிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றும் இடத்தில் மட்டும் தன் ஊர் முகங்களை ஒட்டிவிட்டான். கேசட்டில் மஞ்சள் உடுப்புக்குள் ஒரு பையன். கேபிளில் அதே உடுப்பு, அதே உதை, கழற்றினால் ஒரு பெண்.

ஏமாற்று வேலை என்று நான் தாம் தூம் என்று குதித்தேன். அண்ணன் அப்படி இல்லை. அந்த இடம் வந்தால் டிவிக்குக் கிட்டே போய் உட்கார்ந்துகொள்வான். உள்ளே இருந்தது முதலிலிருந்தே அவள்தானோ என்னவோ, கேசட்காரனுக்குத்தான் தெரியவில்லையோ என்று ஒருநாள் கேட்டான். போடா லூசு என்றேன்.

விளையாட்டில் மஞ்சளை யாருக்கும் விட்டுத்தரமாட்டான். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மஞ்சளாகக் குதித்து இடதுகாலை ஒடித்துக்கொண்டபோது, அப்பாதான் முதுகில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிரான்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, பிரெஞ்சில் சொன்னால் சொல்தாவாக, இருந்து பென்ஷன் வாங்கிய மனுஷன், தெருவே பயப்படும் ஒகுஸ்த் சொல்தா, அன்றைக்கு வழியெல்லாம் அழுதுகொண்டே ஓடினார்.

கால் கூடிவிட்டது. இழுப்பு மட்டும் போகவில்லை.

அண்ணன் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. இன்றைக்கு விடியற்காலையில் அப்பா போன சேதியைச் சொல்ல அங்கே போன் செய்தது நான்தான். எதிர்ப்பக்கம் அழுகிற சத்தம்கூட வரவில்லை. வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

மாதா கோயில் சுவாமியார் தீர்த்தம் தெளித்து முடித்திருந்தார். பெட்டியை மூடுவதற்கு முன்னால் நெற்றியில் முத்தம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா கொடுத்துவிட்டாள். நானும் கொடுத்துவிட்டேன். மூடிவிட்டால் அப்புறம் அந்த நெற்றி இல்லை.

ஆள் பெட்டியருகே வந்து குனிந்தது.

டொக்.

ஹெல்மெட் அப்பாவின் நெற்றியில் இடித்தது.

தலையைச் சாய்த்து இன்னொரு தரம் குனிந்தது. மறுபடியும் டொக். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்துவிட்டது.

குடித்துவிட்டு வந்திருக்கிறான், பிடித்து வெளியே தள்ளுங்கள் என்று அத்தை கத்தினாள். இரண்டு பேர் மழைக்கோட்டைப் பிடித்து இழுத்தார்கள். அம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

மரியாதை இல்லையாம். அத்தைக்கு என்ன தெரியும்? ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே வாசலில், புடவை கட்டிக்கொண்டு வந்து நின்ற தன் மூத்த பிள்ளையைப் பார்த்து அப்பா சொன்னதைக் கேட்டவர்கள் அம்மாவும் நானும்தான். அடிக்கக் கை ஓங்கினார், அடிக்கவில்லை. குரல் உடைந்துபோய்த்தான் சொன்னார். நான் செத்தால்கூட என் பொணத்துக்கு முன்னால் வந்து இந்த மூஞ்சியைக் காட்டாதே என்றார்.

காட்டவில்லை. அவ்வளவு தூரம் மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, முத்தம் கொடுக்க முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கிற போதுகூட, அந்தச் சொல்லை மீறவில்லை.

பாவி மனுஷன். இதை இருந்து பார்த்திருக்க வேண்டும்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். இழுத்தவர்களின் கையைத் தட்டிவிட்டேன். சொல்தாவுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள் என்று நம்பிக்கொண்டிருந்த தெருவே எங்களைப் பார்த்தபடி நின்றது. மழைக்கோட்டுக் கைக்குள் இருந்த விரல்களைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தன.

"அக்கா, அவரு இனிமே பாக்க மாட்டாரு. கழட்டு."