இரட்டைப் புத்தன்

“மாமா, ஒத்தை ரூவாக் காசு ஒண்ணு இருக்குங்களா? அப்பா நெத்தியில வெக்கோணும்.”

தமிழ்ப்ரியா அழுது வீங்கிய கண்களோடு வந்து நின்றாள். பந்தலில் உட்கார்ந்திருந்த பூபதிராஜா சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். உள்ளே கீறல் விழாத புத்தம் புது ஒரு ரூபாய் இருந்தது. காலையில் சித்தூர் பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த மீதி.

“எங்கிட்ட ஏது அம்மிணி காசு? ஊட்ல இல்லியா?”

“ஊட்ல இருந்த சில்லறையெல்லாம் அப்பாதான் பொறுக்கி ஆல்பத்துல சொருகி, பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரே. வந்தவீங்க எல்லாருகிட்டயும் கேட்டாச்சுங்க. அத்தனை பேருக்கும் காசு போன்லதான் இருக்குது. மளிகைக் கடை அண்ணனும் கடையைச் சாத்திட்டு இங்கதான் உக்காந்திருக்காரு.”

“அடடா! தெரிஞ்சிருந்தாக் கொண்டாந்திருப்பனே!” என்று பூபதிராஜா உச்சுக் கொட்டினார். அவள் திரும்பிப் போனாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த தனபால், “ஏனுங் தலைவரே, காசு சேக்கற சங்கத்துக்கே தலைவரு நீங்க. உங்ககிட்டயுமா இல்லை?” என்றார்.

“இருக்குது. சேக்கறதுக்குத்தான வெச்சிருக்கறன், குடுக்கறதுக்கா?”

சித்தூர் நாணயச் சேகரிப்போர் சங்கத்தில் ஒரு காலத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கழன்று கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். பூபதிராஜா தலைவர், சென்னியப்பன் செயலாளர். போன வருஷம் இளைஞர்களைச் சேர்ப்போம் என்று கூட்டம் போட்டார்கள். ஒரே ஒரு கல்லூரிப் பையன் வந்தான். சந்தா கட்ட க்யூஆர் கோடு எங்கே என்று கேட்டான். துரத்தி விட்டார்கள். நேற்று ராத்திரி மாரடைப்பில் செயலாளரும் போய்ச் சேர்ந்துவிட, இப்போது மொத்தச் சங்கமும் அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

“இந்தப் பொழுதுபோக்குக்கு எதிர்காலமே இல்லைங்கறாங்க. மண்ணாங்கட்டி!” பூபதிராஜாவுக்குக் குரல் ஏறியது. “இனிமேத்தானுங்க எதிர்காலமே! அல்லாரும் போனைத் தடவித் தடவியே காசு குடுக்கறாங்க. இன்னும் பத்து வருசம் போச்சுன்னா காசுங்கறதையே கண்ணுல காங்க முடியாது. அன்னிக்கு இந்த ஒத்தை ரூவாய்க்கு என்ன மதிப்புன்னு நெனைக்கறீங்க? அதைப் போயி நெத்தியில வெச்சு வீணாக்கறதா?”

“அதானே! செத்தவரு எப்பிடிப் போனா என்னங்க? சங்கம் நல்லா இருந்தாப் போதாதா?” என்றார் தனபால்.

“அப்பிடிச் சொல்லுங்க!” என்று பூபதிராஜா மகிழ்ந்து போனார்.

அவர் வந்த காரியமே வேறு. சென்னியப்பனிடம் கொச்சி ராஜா காலத்து இரட்டைப் புத்தன் ஒன்று இருந்தது. சின்ன வெள்ளிக் காசு. அதைக் கேட்டுக் கேட்டுப் பூபதிராஜாவுக்குத் தலை நரைத்ததுதான் மிச்சம். கறவை மாடு தருகிறேன் என்றார். தென்னந்தோப்பில் ஒரு வரிசை மரத்தைத் தருகிறேன் என்றார். “நான் செத்தாப் பாத்துக்கலாம் போ” என்று சென்னியப்பன் சிரித்தே அனுப்பிவிடுவார். இன்று செத்துவிட்டார். பூபதிராஜா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

“எடுக்கப் போறமுங்க! மொகம் பாக்கறவீங்க வந்து பாத்துக்கங்க!”

கூட்டம் மொத்தமும் எழுந்து பிணத்தருகே போனது. பூபதிராஜாவும் எழுந்தார். நேராக வீட்டுக்குள் போனார். இழவு வீட்டில் இந்த நேரத்தில்தான் சாமான் காணாமல் போகும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பீரோவின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. அப்பாடா என்று அதன்மேல் முதுகைச் சாய்த்துக் காவலுக்கு நின்றுவிட்டார். வெளியே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சங்குச் சத்தம் தெருவைத் தாண்டிய பிறகுதான் அவர் நகர்ந்தார். சுடுகாட்டுக்குப் போகவில்லை. முழங்கால் வலியாம்.

கருமாதி முடிந்த மறுநாளே மறுபடி வந்தார். சென்னியப்பனின் மனைவி வள்ளியாத்தாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

“சங்கத்துல இரங்கல் தீர்மானம் போட்டமுங்க தங்கச்சி” என்று துண்டால் கண்ணைத் துடைத்தார் பூபதிராஜா.

“எத்தனை பேருங்ண்ணா வந்திருந்தாங்க?”

“அது... ஏகமனதா நிறைவேறிருச்சு.” அவசரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அப்பறம் அந்த ஆல்பம்... தெரியாதவீங்க கையில சிக்குனாப் பழைய இரும்புக் கடையில போட்டுப் போடுவாங்க. எதிர்காலச் சந்ததிக்குன்னு நானே காபந்து பண்ணி வெக்கலாம்னு பாத்தேன். வேணும்னா ஒரு வெலையும்...”

“வெலையெல்லாம் எதுக்குங்ண்ணா? உங்களை உட்டா அவருக்கு ஆரு இருந்தா? தாராளமா எடுத்துட்டுப் போங்க.”

பூபதிராஜாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் எடுத்துக் கொடுத்த ஆல்பத்தை அங்கேயே மடியில் வைத்துப் புரட்டினார். கொச்சிப் பக்கம் வந்தது. நடுவில் இருந்த உறை காலியாக இருந்தது.

“தங்கச்சி! இதுல ஒரு காசு இருக்குமே?”

“கறுப்பா, சின்னதா ஒண்ணா?”

“அதேதான்! எங்க அது?”

“நெத்தியில வெக்க உங்ககிட்டக்கூடக் காசில்லைன்னு புள்ளை வந்து சொன்னாளுங்க. அப்பறம் என்ன பண்றது? பீரோவைத் தொறந்தேன். பளபளன்னு இருக்கறதெல்லாம் நல்ல காசாக்கும், அண்ணனுக்கு ஆவட்டும்னு தொடாம உட்டுட்டு, அழுக்கேறிக் கெடந்த அந்த ஒண்ணை எடுத்து அவரு நெத்தியில வெச்சு உட்டனுங்க. அவரோடவே போயிருச்சு.” வள்ளியாத்தாள் அவரை வியப்பாகப் பார்த்தாள். “மொகம் பாக்க வந்தவீங்க அத்தனை பேரும் பாத்தாங்களே... நீங்க பாக்கலீங்களா?”