செக்பாயின்ட்ல இருந்தேன்

"மணி என்ன ஆகுது அய்ஹம்?"

நிபால் மிஸ் குரலை உயர்த்தவில்லை. வாசலில் மூச்சு வாங்க நின்றவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பதே முக்கால். வகுப்பு ஒன்பதுக்கு.

"செக்பாயின்ட்ல இருந்தேன் மிஸ்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பட்டாளத்தின் சோதனைச் சாவடிகள் நிறைந்த மேற்குக் கரையில் வீட்டுப்பாடம் எழுதாதவனும் இதைத்தான் சொல்வான், மாமியார் வீட்டு விருந்துக்குப் போக மனமில்லாதவனும் இதைத்தான் சொல்வான். பத்தில் ஒன்பது தடவை அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும்.

"ஏண்டா, பட்டாளத்துக்காரன் உன்ன மட்டும் உக்கார வெச்சு டீ ஊத்திக் குடுக்கிறானா?" என்றான் கடைசி வரிசை வஸீம்.

நிபால் திரும்பினாள். "தீமா, நீயும் அந்த வழியாத்தானே வர்ற?"

தீமா தயங்கினாள். பொய் சொல்ல வராத பெண். "ஆமா மிஸ். எங்க வேன் இருபது நிமிஷத்துல தாண்டிருச்சு. வண்டியெல்லாம் சீராத்தான் போச்சு."

அய்ஹம் கழுத்தில் கிடந்த துணியால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டான்.

இளையோர் மன்றப் பயிற்சியில் பதினாறு பேர். பன்னிரண்டு சனிக்கிழமை வகுப்பு. கடைசி வாரம், அவர்களில் ஒருவர் கீழ்த்தளத்தில் நடக்கும் நகர்மன்றக் கூட்டத்தில் பெரியவர்களோடு உட்கார்ந்து பத்து நிமிடம் பேசலாம். செக்பாயின்ட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருக்களுக்கு ஒரு நூலகம் கேட்க வேண்டும் என்று அய்ஹம் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பத்து நிமிடம் அவனுக்குத்தான் என்று நிபாலும் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

ஆனால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முதல் நாள் பிள்ளைகளே கூடிப் பேசி எழுதிய விதிகள். முதல் விதி அய்ஹம் கையெழுத்து: 'செக்பாயின்ட் என்று சாக்குச் சொல்லக் கூடாது. மூன்று முறை தாமதமானால் வெளியே.'

"நம்ம நிலத்தத்தான் பட்டாளத்துக்காரன் எடுத்துக்கிட்டான். நேரத்தையும் நாமளே கொண்டு போய்க் குடுக்கணுமா?" என்று அன்று அவன் கேட்டபோது கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது.

"இது மூணாவது தடவை" என்றாள் நிபால்.

"தெரியும் மிஸ்."

"போன வாரமும் இதையே சொன்ன. அதுக்கு முந்தின வாரமும் இதையே சொன்ன. வேற காரணம் இருந்தா சொல்லுடா. நானே கெஞ்சிக் கேக்கறேன்."

அவன் தாளைப் பார்த்தான். "என்ன சொன்னாலும் அது சாக்குதான் மிஸ். எழுதினவனே மீறினா நல்லா இருக்காது."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். கதவருகே போனவன் நின்று, "தீமா நல்லாப் பேசுவா. நூலகத்த மறக்காம கேக்கச் சொல்லுங்க" என்றான்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வஸீம்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த வாரம் முழுக்க நிபாலுக்குச் சோறு இறங்கவில்லை. விதி என்றால் எல்லாருக்கும் விதிதான் என்று தனக்குத்தானே எத்தனை முறை சொல்லியும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை அவன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடாமலே விட்டாள். கூப்பிட்டு என்ன சொல்வது?

கடைசி சனிக்கிழமை வந்தது. நகர்மன்றக் கூட்டம் பத்து மணிக்கு. ஒன்பதுக்கு வகுப்பில் இருந்தவர்கள் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நான்கே பேர். பேச வேண்டிய தீமாவின் கைபேசிக்கு அடித்தால் லைன் கிடைக்கவில்லை. பத்தரை மணி வரைக்கும் பொறுத்துப் பார்த்த தலைவர், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்று எழுந்துவிட்டார்.

தீமா வந்து சேரும்போது மணி பதினொன்று. பின்னாலேயே மற்றவர்கள். எல்லார் தலையிலும் ரோட்டுத் தூசி. பாதி வழி நடந்தே வந்திருந்தார்கள்.

"கூட்டம் முடிஞ்சு போச்சா மிஸ்?"

"முடிஞ்சு போச்சு."

தீமாவின் கையிலிருந்த பேச்சுத் தாள் கசங்கியது. "ஏழரைக்கே ஏறிட்டேன் மிஸ். அல்லா மேல ஆணையா. மூணு ரோட்டு வண்டியும் அந்த ஒத்தை வழியில வந்து முட்டிக்கிச்சு. ஒருத்தன் ஒருத்தனுக்கு வழி விடல. ஹாரன் அடிச்சே கொன்னுட்டாங்க."

"போன வாரம் இருபது நிமிஷம்னு சொன்னியே?"

"டிரைவர்கிட்ட நானும் அதைத்தான் கேட்டேன். பட்டாளத்துக்காரங்க ரோட்டக் குறுக்கினதுல இருந்து, இந்த மூணு வாரமா சனிக்கிழமை காலையில ஒரு பையன் நடுவுல நின்னு வண்டிகள ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டானாம். தூசிக்கு முகத்தச் சுத்தித் துணி கட்டியிருப்பானாம். 'வகுப்புக்குப் போற பிள்ளைங்க இருக்கு, விடுங்கய்யா'ன்னு கத்துவானாம். எங்க வேன் எல்லாம் தாண்டினப்புறம்தான் அவன் கிளம்புவானாம்."

நிபால் சுவரில் இருந்த விதித் தாளைப் பார்த்தாள். "இன்னிக்கு ஏன் வரலையாம்?"

தீமா அழ ஆரம்பித்திருந்தாள்.

"அவன வகுப்புலேர்ந்து நிறுத்திட்டாங்களாம் மிஸ். லேட்டா வர்றான்னு."