இரண்டாம் மாடிச் சுடுதண்ணீர்

"அத்தா, கீழ்வீட்ல யாருமே இல்லையே, அப்புறம் சுடுதண்ணி யார் குடுக்கிறது?" என்று என் மூத்த மகள் இக்ரா ஒருமுறை கேட்டாள்.

அந்த ஜனவரியில் யாங்கோனில் வழக்கமில்லாத குளிர். நாங்கள் இருந்த தாமுவே பகுதியில் மின்சாரம் நாளுக்கு நான்கு மணிநேரம், அதுவும் கண்ட நேரத்தில். கேஸும் கிடைக்கவில்லை. குறைமாதத்தில் பிறந்த எங்கள் குழந்தையைச் சூடாக வைத்திருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"எதை வச்சு? உங்க கோபத்தை வச்சா?" என்றாள் என் மனைவி தஸ்லீமா, மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருந்த என்னிடம்.

மறுநாள் விடியலில், சாமான் ஏற்றுவதற்காக எங்கள் மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து தொங்கவிட்டிருக்கும் கயிற்றின் மணி அடித்தது. கயிற்றின் நுனி இரண்டாம் மாடிக் கம்பிக்குள் போயிருந்தது. இழுத்தேன். சுடுதண்ணீர் நிறைந்த ஃபிளாஸ்க் வந்தது. அங்கே தனியாக இருந்த பர்மிய அம்மாள் டோ மியா தின் மழைக்காலத்திலேயே இறந்துவிட்டார். கதவில் பூட்டு.

காலி ஃபிளாஸ்க்கை அந்தப் பூட்டிய கதவுமுன் வைத்து, "யாருன்னாவது சொல்லுங்களேன்!" என்று எரிச்சலில் கத்தினேன். விடிந்தால் அது கயிற்றில் நிறைந்து வந்தது, பத்தொன்பது நாட்கள். ரப்பர் பையில் அந்தத் தண்ணீரை ஊற்றிக் குழந்தைக்கு அணைவாக வைத்தோம். குழந்தை தேறினாள்.

குளிர் விட்டது. மணியும் நின்றது.

வழிப்போக்கர்களுக்காக டோ மியா தின் தினமும் நிரப்பிய தெருமுனைத் தண்ணீர்ப்பானை, அவர் போனபின் காய்ந்து கிடந்தது. அதிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் போகும்போது, தெரு விழிக்குமுன் அதைக் கழுவி நிரப்பி, குவளையைக் கவிழ்த்துவைத்தேன்.