நாற்பது மீன்கள்

நாற்பது மீன்கள் திரையில் வந்து போயின. ஒன்றைக்கூட ஏசுஅடிமை பிடிக்கவில்லை.

அவர் வலது கையில் கறுப்புக் கையுறை. விரலை மடக்கினால் திரையில் வலை சுருங்கும், மீன் உள்ளே விழும். போன வெள்ளிக்கிழமை முப்பத்தொரு மீன் பிடித்திருந்தார்.

அந்த எண்ணை நம்பித்தான் தெரபிஸ்ட் ஷைஜா இருந்தாள். பக்கவாதத்தில் விழுந்தவர்களை மறுபடி கரண்டி பிடிக்கவும் பொத்தான் போடவும் வைப்பது அவள் வேலை. இவருக்கு விரல்கள் மடங்கத் தொடங்கிவிட்டன. கைதான் நெஞ்சுக்கு மேல் இன்னும் எழவில்லை.

மருத்துவமனையில் கையுறை ஒன்றே ஒன்று. முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் ஆறு வாரம் அவருக்கு. இல்லையென்றால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு. முடிவு சொல்ல வேண்டிய டாக்டர் கிருஷ்ணமணி, மாதம் ஒருமுறை திருவனந்தபுரத்திலிருந்து வருபவர், பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை அவ்வளவு பிடிச்சியளே. இப்ப ஒண்ணாவது பிடியுங்க" என்றாள் ஷைஜா.

பக்கவாதம் அவர் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. தலையை மட்டும் அசைத்தார், வேண்டாம் என்பதுபோல.

சாளை மீன் கூட்டம் ஒன்று நிதானமாகத் திரையைக் கடந்தது. விரல்கள் முழங்காலின் மேல் விரிந்தே கிடந்தன.

ஷைஜா கையுறையின் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். அதில் கோளாறு இல்லை. சுசீந்திரத்து வயல்களுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு வேறெங்கே தேடுவதென்று தெரியவில்லை.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

பக்கத்து மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு, முக்காடு விலகாமல் உள்ளே வந்தாள் அவர் மனைவி கிளாரா. திரையைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஞாயிறுல்லா மக்கா! ஞாயித்துக்கிழமை எங்க கடப்புறத்துல எவனாவது வலை எடுப்பானா? மொதல்ல இத அணை."

டாக்டர் சிரித்துவிட்டார். "இது வெறும் விளையாட்டும்மா."

கிளாரா சிரிக்கவில்லை.

"இவிய ஒரே ஒரு ஞாயிறு கடலுக்குப் போனாவ சார். வள்ளத்துல வச்சுத்தான் கையி விழுந்தது."

ஷைஜா மீன்களை அணைத்தாள்.

இருண்ட திரையில் ஏசுஅடிமையின் உருவம் தெரிந்தது. கையுறை மாட்டிய கை முழங்காலை விட்டு எழுந்தது. நெஞ்சருகே நின்று நடுங்கியது. பிறகு நெற்றியைத் தொட்டு, சிலுவை போட இறங்கியது.

அதை எண்ணுவதற்குக் கணினியில் எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

டாக்டரின் பேனா தாளுக்கு மேலே நின்றது.