உள்ளான் திட்டு

தங்கையன் தோள்பையைக் கீழே வைத்தபோது அதன் வாய் விரிந்துகொண்டது. உள்ளே நைலான் வலை. கண்ணிகளில் சாம்பல் நிற இறகுகள் சிக்கியிருந்தன.

குந்தவை பார்க்காதவள்போல பைனாகுலரைத் துடைத்தாள். கோடியக்கரை சரணாலயத்தின் வேட்டைத் தடுப்புக் காவலர் பைக்குள் வலை எதற்கு?

பறவைக் கணக்கெடுப்புக்காக நன்னிலத்திலிருந்து வந்திருந்தாள். விலங்கியல் படித்தவள். துணைக்குத் தங்கையனை அனுப்பியிருந்தார் ரேஞ்சர். வெளிமான்கள் மேயும் புல்வெளியைத் தாண்டி, முழங்கால்வரை சேறு ஒட்ட, இருவரும் சதுப்பின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

எதிரே தண்ணீருக்கு நடுவில் மண்திட்டு. கடல் ஏறும்போது உள்ளான் பறவைகள் ஒதுங்கும் இடம். போன தை மாதம் இங்கே மூவாயிரம் வரை எண்ணினாள். இடம், நாள், நேரம் குறித்து அவள் இணையத்தில் போட்ட படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படிக் குறிப்பது படிப்பில் வந்த பழக்கம்.

இன்று திட்டில் ஒன்றுகூட இல்லை. தொலைவில் பூநாரைகள் மட்டும் ஒற்றைக்காலில் நின்றன.

"எங்கண்ணே போச்சு எல்லாம்?"

"றெக்கை இருக்கு, பறந்திருக்கும். பூஜ்யம்னு எழுதுங்க. போய் டீ குடிப்போம்."

வெறும் திட்டையாவது படம் எடுப்போம் என்று ஃபோனை எடுத்தாள்.

"அதை உள்ள வைங்கம்மா." காலையிலிருந்து இது மூன்றாவது முறை. பைனாகுலருக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கிழக்கே உமரிப் புதர்களுக்கு அப்பாலிருந்து மெல்லிய கீச்சொலி வந்தது. ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில். அவள் திரும்பினாள். தங்கையன் குறுக்கே வந்து நின்றார்.

"அங்க போகாதீங்க. புதைசேறு."

"அப்ப உங்க கால்தடம் மட்டும் எப்படிண்ணே அங்க போயிட்டு வந்திருக்கு?"

குந்தவைக்கு யாரிடமும் குரல் உயர்த்திப் பழக்கமில்லை. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"ஜோடி என்ன விலைக்கு விக்கிறீங்க?"

தங்கையன் பையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓகோ. அதான் மூஞ்சி இப்படிக் கடுகடுன்னு இருக்கா? நேத்து ஒருத்தன் மாட்டினான்மா. அவன் வலை இது. மிச்சத்தை விடியக்காலைல திட்டுலேர்ந்து உருவிட்டு வந்தேன். ஆபீஸ்ல கொடுக்கணும். வேணும்னா ரேஞ்சர் ஐயாவுக்கு ஃபோன் போட்டுக் கேளுங்க."

அவள் கேட்டாள். ரேஞ்சரும் அதையேதான் சொன்னார். கோபம் இறங்கியது, சந்தேகம் இறங்கவில்லை.

"அப்புறம் எதுக்குண்ணே எங்கிட்ட மறைக்கிறீங்க? புதருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது உள்ளான்தானே? எண்ணத்தானே வந்தேன், நான் என்ன வலை போடவா வந்தேன்?"

"தப்பிச்சது அவ்வளவுதாம்மா. ஐநூறு தேறுமா தெரியல. அதுங்களாவது இருக்கட்டும்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

தங்கையன் பையின் வாயை இழுத்துக் கட்டினார்.

"நேத்து மாட்டினவன் வெளியூர்க்காரன். இந்தப் பக்கம் காலே வச்சதில்ல. இந்தத் திட்டு உனக்கு எப்படிடா தெரியும்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"உங்க பேரு போட்ட படத்தைக் காட்டினான்மா, மேப்போட."