நாலு துவக்கு

பொன்னாடை போர்த்த வந்த கையைச் சண்முகராசா தட்டிவிட்டார்.

ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தில் கைதட்டல் பாதியில் நின்றது.

புத்தகத்தின் முதற்பிரதி வாங்கத்தான் அவரை மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தி, இயக்கத்தின் முதற்சண்டைக்கு, பாலத்தடிப் பொலிஸ் நிலையத்தை அடிக்கப் பொடியன்களை ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்.

புத்தகம் எழுதியவன் யாக்கோப்பு. அந்த ஒரு விடியற்காலையில் தளபதியானவன். லண்டனில் இன்றைக்கும் அவனுக்கு அதுதான் பெயர்.

சண்முகராசாவுக்கு வாசிக்கத் தெரியாது. மேடைக்கு வர ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: தன் தம்பி செல்வரத்தினத்தின் பெயர் புத்தகத்தில் இருக்கவேண்டும். அன்றைக்குப் பொலிஸ் நிலைய வாசலில் விழுந்தவன் அவன்.

"ஓம் அண்ணை, போடுறன்" என்று யாக்கோப்பு போனில் சத்தியம் பண்ணினான்.

சத்தியத்தை நம்புகிற ஆளா அவர்? மேடைக்கு ஏறுமுன்பே விற்பனை மேசையில் ஒரு பிரதியை எடுத்துவந்து, பக்கத்துக் கதிரையில் இருந்த குமுதினியைத் தேடச் சொன்னார். அவள் இரண்டு தரம் புரட்டினாள்.

"பேர் இல்லை, அங்கிள். 'எம் தரப்பில் ஒரு கீறலும் இல்லை' எண்டுதான் கிடக்கு."

அன்றைக்குப் பத்திரிகையில் வந்த அதே வசனம்.

அந்த வசனத்துக்காகத்தான் தம்பியைச் சத்தமில்லாமல் புதைத்தார்கள். பெற்ற தாய்க்குக்கூட, இந்தியாவுக்குப் பயிற்சிக்குப் போய்விட்டான் என்றார்கள். அவள் சாகும்வரை கடிதம் பார்த்திருந்தாள்.

சரி, பொய் அதோடு செத்துத் தொலைந்ததா? இல்லை. சொன்னவர்களே அதை நம்பத் தொடங்கினார்கள். வாசலால் நேரே ஓடினால் கீறலும் படாதாம். பிறகு அடித்த ஒவ்வொரு முகாமுக்கும் பிள்ளைகளை வாசலால் நேரே ஓடவிட்டார்கள். பேப்பரில் ஒரு வசனம், எத்தனை வீட்டுக்குக் கொள்ளி வைத்தது!

யாக்கோப்பு ஒன்றிலும் ஓடவில்லை. படத்தில் நின்றான்.

பத்திரிகையில் வந்த அந்தப் படம்தான் இப்போது மேடைக்குப் பின்னால் பதாகை முழுக்க. யாக்கோப்பு இடுப்பில் கைவைத்து நிற்கிறான். காலடியில் படங்குத் துணி மூடிய குவியல். கீழே எழுதியிருப்பது எழுத்தறியாத சண்முகராசாவுக்கும் மனப்பாடம்: கைப்பற்றிய ஆயுதங்கள்.

யாக்கோப்பு சிரித்தபடியே மைக்கைக் கையால் பொத்தினான்.

"அண்ணை, சனம் பாக்குது. பிறகு கதைப்பம்."

சண்முகராசா மைக்கைப் பறித்தார்.

"பாக்கட்டும். அண்டைக்கு அம்பிட்டது நாலே நாலு துவக்கு. நாலு துவக்கை மூட ஆறடிப் படங்கு என்னத்துக்கடா?"

யாக்கோப்பின் முகத்தில் சிரிப்பு செத்தது. முன்வரிசையில் யாரோ எழும்பி, திரும்பவும் இருந்தார்கள்.

பதில் அவனுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

படங்கு அவருடைய ட்ரக்டரில் கிடந்தது. பாதம் வெளியே தெரிகிறது என்று படம் பிடிக்க வந்தவன் சொன்னபோது, குனிந்து இழுத்து மூடிவிட்டவர் அவர்தான்.