ஒயர் எட்டும் தூரம்

கையை நீட்டிப் பார்த்தான். எட்டவில்லை.

சக்கர நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளினால் எட்டும். தள்ளுவதற்கும் அதே கைதான்.

“எங்க வைக்கட்டும் அண்ணாச்சி?”

மெக்கானிக் சந்தியாகு பைக்குக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் சிவப்பும் கறுப்பும் ஒட்டிய புது ஒயர். ஒரு முனை சீட்டுக்கு அடியில், பேட்டரிப் பக்கம் போயிருந்தது. மறுமுனை வெறுமனே கிடந்தது. சார்ஜர் மாட்டுகிற பின்னை இன்னும் பொருத்தவில்லை. இடம் முடிவானால் அந்த அளவுக்கு வெட்டிப் பொருத்துவான்.

நாற்காலியில் இருந்தவன் கையை மடியில் இறக்கினான்.

இது மூன்றாவது இடம்.

முதலில் ஒயர் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. ஓடாமல் நிற்கிற வண்டிக்கு வாரம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். சாவி போட்டு, சீட்டைத் தூக்கி, மாட்டுவான். பிறகு சீட்டு கனக்கத் தொடங்கியது. ஒயரை வெளியே இழுத்து, பக்க மூடிக்குக் கீழே தானே கட்டிக்கொண்டான். அப்போது விரல்கள் சொன்னதைக் கேட்டன.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னின் ரப்பர் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தான்.

அவன் மனைவி ரோஸ்லின் அடுப்படி ஜன்னலில் நின்றிருந்தாள். பார்த்தாள். பிறகு ஜன்னலை விட்டு நகர்ந்துகொண்டாள்.

மதுரை டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். முதலில் கால். அடுத்து கை. கடைசியில் மூச்சு.

வெளியே வந்ததும் ரோஸ்லின் அவனிடம் டீ வேண்டுமா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவனுடைய வேலைகள் ஒவ்வொன்றாக அவள் கைக்குப் போயின. யாரும் யாரையும் கேட்கவில்லை. சிலிண்டர் மாற்றுவது. தண்ணீர் மோட்டார் போடுவது. ராத்திரி கேட்டைப் பூட்டுவது.

பைக்கை மட்டும் அவள் தொடவில்லை. தூசு தட்டக்கூட.

விற்றுவிடலாமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தான். அவள் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

ஆக, வண்டி இங்கேதான் நிற்கும். அவனுக்குப் பிறகும் நிற்கும்.

சந்தியாகுவுக்கு அமைதி பிடிக்காது.

“ஓடுன காலத்துல பெட்ரோல் குடிச்சிச்சு. இப்ப உக்காந்த எடத்துல கரண்டு குடிக்குது. ரிட்டயர்டு வாத்தியாரு மாதிரி.”

நாற்காலியில் அவன் சிரித்தான். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“ஹேண்டில் பக்கம் கொண்டாந்துருவோமா? நாற்காலிய ஒட்டிப் போட்டா உங்க மடிக்கே வந்துரும். ஒயரு தாராளமா வாங்கியாந்திருக்கேன்.”

நாற்காலியின் கைப்பிடிவரை இழுத்துக் காட்டினான். அதற்கு மேலும் இருந்தது.

“வேண்டாம்டே. மதினியக் கூப்பிடு.”

ரோஸ்லின் மீன் கழுவிய கையோடு வந்தாள். முழங்கையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

“வண்டிகிட்ட வந்து நில்லு.”

நின்றாள்.

“குனியாத. நின்ன மேனிக்கே இடது கைய நீட்டு.”

அவள் இடதுகைக்காரி. முட்டிவலி வந்ததிலிருந்து குனிவதும் இல்லை. இதையெல்லாம் நேற்று முழுக்க யோசித்து வைத்திருந்தான். அவளை எங்கே நிற்கச் சொல்வது, கை எங்கே வந்து நிற்கும் என்பதுவரை.

“எதுக்கு…” என்று தொடங்கினாள்.

பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு சந்தியாகுவின் கையிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். நாற்காலிக்குக் கொண்டுவந்தாள். அவன் உள்ளங்கையில் முனையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். கடைசி விரலையும் மடக்கி, மேலே தன் கையைப் பொத்திக்கொண்டாள்.

“இந்தா, எட்டுதுல்லா,” என்றாள். “நல்லாத்தான எட்டுது.”

கையை எடுத்தாள்.

விரல்கள் மெல்ல விரிந்தன. ஒயர் அவன் மடியில் வழுக்கித் தரைக்குப் போனது.

சந்தியாகு டூல்ஸ் பைக்குள் எதையோ தேடினான். வேண்டியதெல்லாம் அவன் காலடியிலேயே கிடந்தது.

தெருவில் யாரோ உப்பு விற்றுக்கொண்டு போனார்கள். குரல் திருப்பத்தில் மறைந்தது.

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒயரை எடுத்தாள். வண்டிக்குத் திரும்பினாள். சீட்டு முடிந்து டேங்க் தொடங்குகிற இடத்தில் அதை இடது கையால் அழுத்திப் பிடித்தாள்.

அவன் நினைத்து வைத்திருந்ததைவிட ஒரு சாண் கீழே. நாற்காலிக்கு வந்த பிறகு அவனுக்கு எல்லோரும் உயரமாகிவிட்டிருந்தார்கள்.

“அதான் சரி,” என்றான்.

சந்தியாகு கட்டரை எடுத்தான். அவள் விரலை ஒட்டி ஒயரை அதன் வாய்க்குள் கொடுத்தான். மிச்ச நீளம் தரையில் புரண்டு நாற்காலிச் சக்கரம்வரை கிடந்தது.

“இங்க வெட்டிரட்டா மதினி?”

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

“அந்த முனையிலயே பின்னை மாட்டு,” என்றாள். “வெட்டுறதப் பொறவு பாத்துக்கிடலாம்.”

சந்தியாகு கட்டரை விலக்கிக்கொண்டான். ஒயரின் மறுமுனையைத் தேடி நாற்காலிப் பக்கம் நகர்ந்தான்.

அவள் கை மட்டும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.